கொதிநீர் போன வழி

பணி ஓய்வு பெற்ற பிறகும் வருடத்தில் ஓரிரு முறை என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வேலைப் பயிற்சிக்குப் புறப்படுவதற்கு முன்னால், அந்த வழியில் போய் வந்த ஒருவர் பேசினால் நல்லது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. போன முறை எல்லாரும் கலைந்த பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். சிலாங்கூரின் வடக்கே, புக்கிட் செந்தோசாவில் வீடாம். பெரிய கம்பெனியாகப் பார்த்துப் போவதா, வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் ஆலைக்குப் போவதா என்று அவளுக்குக் குழப்பம்.

"நீங்க எதப் பாத்துப் போனீங்க மேடம்?" என்று கேட்டாள்.

சாப்பாட்டைப் பார்த்துப் போனேன் என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குக் காரோட்டி வரும்போது, அந்தப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் படிப்பில் ஒரு பருவம் வகுப்பு, அடுத்த பருவம் வேலை என்று மாறி மாறி வரும். வேலைக்குச் சம்பளமும் உண்டு. கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அப்படி வாழ்ந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். எந்தப் பாதியில் இருந்தாலும் மறுபாதி கனவுபோல ஆகிவிடும். வகுப்பில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்குள் ஆலையின் குளத்தங்கரை வந்து நிற்கும். பனியில் கொக்குகள் இறங்கும். குளத்தங்கரையில் நிற்கும்போதோ, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பாடம் கேட்டதெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலிருக்கும். நான்கு வருடமும் நான் பாதித் தூக்கத்தில் நடந்தவள் மாதிரிதான் இருந்தேன்.

முதல் பயிற்சிக்கு இடம் பிரிக்கும் நாளில் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் பெயரைப் படித்தார்கள். வகுப்பு மொத்தமும் மூக்கைச் சுளித்தது. நான் கையைத் தூக்கினேன். அது கோல சிலாங்கூருக்கு உள்ளே, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே இருந்த ஆலை. விடுதிச் சோற்றில் நாக்கு செத்துப் போயிருந்தது. அம்மா கையால் மீன்குழம்பு சாப்பிடலாம் என்பதைத் தவிர அன்றைக்கு என் மனதில் வேறொன்றும் இல்லை.

அப்பா சவரிமுத்து அதே ஆலையில் பாய்லர்காரர். நாங்கள் இருந்த தொழிலாளர் லயத்துக்கு ஆலையின் இரைச்சல் எப்போதும் கேட்கும். காலையில் அப்பாவும் நானும் ஒரே வாசலில் இறங்கி, ஒரே செம்மண் சாலையில் நடந்து, ஆலைக் கதவருகே பிரிவோம். அவர் புகைபோக்கி இருந்த பக்கம் போவார். நான் ஆலையைச் சுற்றி, பழம் உதிர்த்துப் போட்டு மலைபோல் குவிந்த வெறுங்குலைகளைத் தாண்டி, பின்னால் இருந்த குளங்களுக்குப் போவேன். அத்தனை வருடம் அங்கே வேலை செய்தும் அப்பா அந்தக் குளங்களைப் பார்த்ததில்லை. பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

பழக்குலைகளை நீராவியில் வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு, கெட்டியான பழுப்புத் தண்ணீர் ஒன்று மிஞ்சும். கொதிக்கக் கொதிக்க அது வாய்க்காலில் ஓடி வரும். முதலில் ஒரு குளத்தில் சூடு தணியும். பிறகு ஆழமான இரண்டு பெரிய குளங்கள். காற்றே ஆகாத நுண்ணுயிர்கள் அங்கே இருளில் இருந்துகொண்டு அந்த அழுக்கைத் தின்னும். தின்று வாயுவாக வெளியே விடும். அதற்கப்புறம் வெயில் படும் ஆழமில்லாத குளங்கள். கடைசியில் ஓர் இரும்பு மடை. மடையைத் தாண்டினால் ஓடை, ஓடையைத் தாண்டினால் சிலாங்கூர் ஆறு.

குளங்களுக்குப் பொறுப்பு புவான் ரொஹானா; புவான் என்றால் மலாயில் அம்மையார். தஞ்சோங் காராங்கில் வயல் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயதுகூட மூத்தவர் இல்லை. முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். என்னை 'அடிக்' என்று, தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவார். ஒருபோதும் உத்தரவு போட மாட்டார்; எல்லாவற்றையும் கேள்வியாகத்தான் சொல்வார். "இந்தப் போத்தலை இன்னொரு தடவை கழுவலாம், இல்லையா?" என்றால், நான் கழுவியது போதவில்லை என்று அர்த்தம். "மழை வரும்போல இருக்கே?" என்றால், போய்க் கருவிகளின் மேல் படுதாவை இழுத்து மூட வேண்டும். நன்றாகச் செய்தாய் என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. வேலை அவருக்குப் பிடித்திருந்தால், தன் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றி மூடியை என் பக்கம் நகர்த்துவார். அந்த மூடிக்காக நான் நாள் முழுக்க வெயிலில் நிற்பேன்.

குளத்தருகே வந்ததும் பேசக்கூடாது என்பது அவர் பழக்கம். முதலில் பார்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். அதற்கப்புறம்தான் கருவியைத் தொடலாம். மாதிரி எடுப்பதற்கும் அப்படி ஒரு முறை இருந்தது. கை நனைவதற்கு முன்பே போத்தலில் பெயர் எழுதிவிட வேண்டும். நனைந்த விரல் பட்டால் மை கரைந்துவிடும். எந்தத் தண்ணீரை எடுக்கப் போகிறோமோ அதே தண்ணீரில் போத்தலை அலசி, கரையிலிருந்து தள்ளி ஊற்ற வேண்டும். பிறகு வாயை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, மேல் நுரைக்குக் கீழே அமிழ்த்தி, காற்றுக் குமிழ் ஒன்றுகூட உள்ளே தங்காமல் நிரப்ப வேண்டும். மூடி, துடைத்து, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். முதல் வாரத்தில் சலிப்பாக இருந்தது. பிறகு எப்போது என்று தெரியாமல் அது ஜெபமாலை உருட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. கை அதுபாட்டுக்குச் செய்யும். கண் குளத்தின் மேல் இருக்கும்.

பெரிய குளங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆழத்திலிருந்து குமிழ்கள் எழும்பி வரும். உலைச்சோறு கொதிக்கிற மாதிரி, ஆனால் சத்தமில்லாமல், அவசரமில்லாமல். இங்கே ஒன்று, அங்கே நாலைந்து, திடீரென்று நடுவில் ஒரு பெரிய புரளல். அதிகாலைப் பனியில் குளம் முழுக்க மூச்சு விடுவது போலிருக்கும். நாற்றம் பழகிப்போய், அது இல்லாமல் நாம் இல்லை என்கிற அளவுக்கு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா மட்டும் மூக்கைப் பொத்துவாள்.

காய்ப்பு அதிகமான மாதம் வந்தது. குலை ஏற்றிய லோரிகள் ஆலைக் கதவிலிருந்து தார்ச்சாலை வரை நின்றன. ஆலை ஓயாமல் ஓடியது. அதோடு மழையும் சேர்ந்துகொண்டது. அப்படி ஒரு காலையில் முதலாம் பெரிய குளத்தின் கரையில் நின்று பார்த்தேன். ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது. என்ன என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குளம் சும்மா இருந்தது. ஒரு குமிழ்கூட இல்லை. மேலே சாம்பல் நிற ஆடை படர்ந்திருந்தது, வாசனையும் மாறியிருந்தது. கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததும் நான் ஓடினேன்.

புவான் ரொஹானா குடை பிடித்துக்கொண்டு, நிறைவயிற்றோடு மெதுவாக நடந்து வந்தார். வெகுநேரம் பார்த்தார். குனிய முடியாததால், நான் ஒரு போத்தலில் அள்ளிக் கொடுக்க முகர்ந்தார். புளித்துவிட்டது என்றார்.

அந்தக் குளத்தில் இரண்டு வகை உயிர்கள் உண்டு. ஒன்று அழுக்கை உடைத்துப் புளிப்பாக்கும், அது வேகமானது. இன்னொன்று அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக்கும், அது நிதானமானது. அளவுக்கு மேல் தீனி கொட்டினால் வேகமானது முந்திக்கொள்ளும். புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பிலேயே நிதானமானது செத்துப்போகும். குணமாக்க ஒரே வழிதான். தீனியை நிறுத்த வேண்டும். சுண்ணாம்பு போட வேண்டும். உயிரோடிருக்கும் இரண்டாம் குளத்தின் அடிச்சேற்றைக் கொண்டுவந்து, பாலுக்கு உறை ஊற்றுவது போல இதில் ஊற்ற வேண்டும். ஆனால் ஆலை ஓடிக்கொண்டிருந்தால் முழுத் தீனியும் இரண்டாம் குளத்துக்குப் போகும். அதுவும் செத்துவிடும். ஆக, ஆலை நிற்க வேண்டும்.

அவர் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் ஈப்போக்காரச் சீனர், கெட்டவர் இல்லை, வாசலில் நிற்கும் லோரிகளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பார்க்கலாம் என்றார். புவான் திரும்பி வந்து கடைசி மடையை மூடிப் பூட்டச் சொன்னார். அன்று பிற்பகலே அவருக்கு வலி கண்டுவிட்டது. இன்னும் சில வாரம் இருக்கும்போதே. கணவர் காரில் வந்து ஏற்றிக்கொண்டார். கார் புறப்படும் முன் கண்ணாடியை இறக்கி, மடைச் சாவியை என் கையில் வைத்தார்.

"யாராவது மடையத் திறக்கச் சொன்னா, தண்ணி எங்க போகும்னு அவங்களக் கேக்கலாம், இல்லையா அடிக்?" என்றார். வலியிலும் அவருக்குக் கேள்விதான் வந்தது.

மறுநாள் மழை விடவில்லை. மடை மூடியிருந்ததால் கடைசிக் குளத்தில் நீர் ஏறிக் கரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. மேனேஜர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தானே நடந்து வந்தார். மழைத்தண்ணீர் கலந்தால் நீர்த்துப் போய்விடும், திற என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் பயிற்சிக்கு வந்தவள். என் பயிற்சி எப்படி இருந்தது என்று பல்கலைக்கழகத்துக்குச் சொல்லப் போகிறவர் அவர். சாவி என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

திறந்தால் இந்தத் தண்ணீர் எங்கே போகும் சார் என்று கேட்டேன்.

ஓடைக்கு என்றார். அதற்கப்புறம் என்றேன். ஆற்றுக்கு என்றார். அதற்கப்புறம் என்று மூன்றாவது முறை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆற்று முகத்தில் பாசிர் பெனம்பாங் இருக்கிறது. படகும் வலையுமாகப் பிழைக்கிற ஊர். அது அவருக்கும் தெரியும். பிறகு என்னைப் பார்த்து, நீ பாய்லர் சவரிமுத்துவின் மகள்தானே என்றார். ஆமாம் என்றேன். உன் அப்பா இப்போது ஷிப்டில் இருக்கிறார். ஆலையை நிறுத்தினால் அந்த ஷிப்டு முழுக்க வேலை இல்லாமல் நிற்கும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். அவர் திரும்பி நடந்தார். மழையில் அவர் முதுகு ஆலைக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அது நடந்தது. ஆலையின் இரைச்சல் மெல்லத் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, நின்றுவிட்டது.

நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. தோட்டத்தில் அது இல்லாத பகலை என் காது அறிந்ததே இல்லை. காய்ப்பு மாதத்தில் அது நிற்கவே நிற்காது. நின்றதும், அதற்குப் பின்னால் இத்தனை காலம் ஒளிந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. செம்பனை மட்டைகளில் மழை விழுவது. வெகுதூரத்தில் லயத்தில் யாரோ ஒரு பிள்ளையைக் கூப்பிடுவது. கொக்கு சிறகு உதறுவது. எனக்குப் பயமாகவும் இருந்தது; தூக்கம் கலைந்து வேறொரு ஊரில் எழுந்தது போலவும் இருந்தது.

அப்பா குளத்தங்கரையில் வந்து நின்றார். முதல் தடவையாக. சட்டையில் கரி, தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார்.

"நீதான் நிப்பாட்டச் சொன்னியா பாப்பா?"

"இல்லப்பா. தண்ணி எங்க போகும்னுதான் கேட்டேன்."

அவர் குளத்தைப் பார்த்தார். "இதுக்கு என்ன?"

"செத்துக்கிட்டு இருக்குப்பா."

"பொழச்சுக்குமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். சாக்கை எடுத்து என் தலையில் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை லயத்தில் முணுமுணுப்பு இருந்தது. கூடுதல் வேலைக்கூலி கிடைக்கிற மாதத்தில் இந்தப் படித்த பெண் வந்து கெடுத்தாள் என்று குழாயடியில் பேசியது என் காதில் விழுந்தது. அம்மாவும் கேட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் மேனேஜர் ஒரு காரியம் செய்தார். லோரிகளை வேறு ஆலைக்குத் திருப்பிவிட்டு, சும்மா நின்றவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் குளத்துக்கு அனுப்பினார். ஆகவே மறுநாள் காலை சுண்ணாம்பு மூட்டைகளோடும் பம்போடும் குழாய்களோடும் அப்பாவின் ஷிப்டு முழுதும் என் முன்னால் வந்து நின்றது.

அப்பாவுக்கு நான் எப்படி வேலை சொல்வேன்? அங்கே நின்றவர்கள் எல்லாரும் எனக்கு மாமாவும் சித்தப்பாவும். கடைசியில் என்னை அறியாமல் புவான் ரொஹானாவின் குரல்தான் வந்தது. "இந்தக் குழாய அந்தப் பக்கம் போடலாம், இல்லையாப்பா?" என்றேன். அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குழாயைத் தோளில் தூக்கினார்.

இரண்டாம் குளத்தின் அடிச்சேற்றை முதலாம் குளத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தோம். சுண்ணாம்பைக் கரைத்துக் கரை நெடுக ஊற்றினோம். எல்லார் முகமும் வெள்ளையாக இருந்தது. மழை ஓய்ந்து வெயில் வந்தது. ஒவ்வொரு காலையும் புளிப்பை அளந்தேன். எண் அசைவதும் தெரியவில்லை, அசையாமலிருப்பதும் தெரியவில்லை. நாட்கள் ஒன்றில் ஒன்று கரைந்து போயின. சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் கரையில் உட்கார்ந்து, அசையாத அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். நாற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நோயாளி படுத்திருக்கும் அறையில் பேசுவது போலத் தணிந்து பேசினார்கள்.

ஒரு நாள் நான் போத்தலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்.

"அந்த மூலையில பாரு. மூச்சு விடுது."

ஒரு குமிழ். நெடுநேரம் கழித்து இன்னொன்று. ஆடையை மெல்ல உந்திக்கொண்டு எழும்பி, உடைந்தது. நாங்கள் இரண்டு பேரும் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.

ஆபீசுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். புவான் ரொஹானாவுக்கு ஆண் குழந்தை. சிறியது, ஆனால் நலம். அவரையே போனுக்கு வரவழைத்தார்கள். குமிழ் ஒரு மூலையிலா, குளம் முழுக்கவா என்று கேட்டார். ஒரு மூலையில் என்றேன். அப்படியானால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், இல்லையா என்றார். அவருக்குப் பின்னால் குழந்தை அழுதது. அவரும் அழுகிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஆலை மெதுவாக ஓடத் தொடங்கியது. வாரங்கள் கழித்து, குளம் முழுதும் கொதித்த பிறகு, மடையை நான் திறந்தேன். தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனது.

அடுத்த பருவத்தில் வகுப்பில் விரிவுரையாளர் இதே கதையைக் கரும்பலகையில் ஒரு வளைகோடாக வரைந்தார். கோடு சரிந்து கீழே போனது. எல்லாரும் பார்த்து எழுதினார்கள். எனக்கு மட்டும் அறை முழுக்கச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. மேனேஜர் என்னைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு நல்லபடியாகத்தான் சொல்லியிருந்தார். படிப்பு முடிந்ததும் அதே ஆலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தொடங்கி, வட சிலாங்கூரின் பல தோட்டங்களில் குளங்களோடேயே என் வேலைக்காலம் கழிந்தது. இப்போது அந்தக் குளங்களைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நல்லதுதான். இன்றைய பிள்ளைகள் குமிழ்களைப் பார்ப்பதில்லை; திரையில் எண்களைப் பார்க்கிறார்கள். எண்களும் பொய் சொல்வதில்லை.

அந்த மாணவியிடம் நான் சொல்லாமல் விட்டது இனிமேல்தான் வருகிறது. அந்த முதல் பயிற்சி முடிந்து நான் விடுதிக்குத் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் அப்பா மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கேதான் போகிறது, காட்டு என்றார்.

ஓடை தெரிகிற இடத்தில் எல்லாம் நிறுத்தி நிறுத்திப் போனோம். செம்பனைகளுக்கு நடுவே அது காணாமல் போகும். ஒரு பாலத்தடியில் திரும்ப வரும். ஆற்றில் அது கலக்கிற இடத்தில் அப்பா வண்டியை அணைத்துவிட்டுக் கரையோரம் போய் நின்றார். பிறகு திரும்பாமலே பேசினார்.

"பாய்லர்ல நான் கொதிக்க வைக்கிறதுதானே ஆவியாப் போயி பழத்த வேக வைக்குது. அதுதான் அப்புறம் ஓங்கிட்ட வருதா?"

"பெரும்பங்கு அதுதாம்பா."

"அப்ப நான் அனுப்புனதத்தான் நீ பாத்துக்கிட்டு இருந்திருக்கே."

நான் ஆறு போகும் பக்கம் கையைக் காட்டினேன்.

பாசிர் பெனம்பாங்கில் மீன் இறங்கும் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் ஏற்றம் தொடங்கியிருந்தது. படகுகள் மெல்ல முட்டிக்கொண்டிருந்தன. செம்பருந்துகள் தாழ்வாகச் சுற்றின. ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பழுப்பு வெளிச்சமாகக் கிடந்தது. அப்பா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மரப்படிகளில் கீழே இறங்கினார். நெருப்புப் பட்டுப் பட்டுத் தோல் தடித்துப்போன வலது கையை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டார். எடுக்கவில்லை. ஏதோ ஒன்று வரக் காத்திருப்பவர் போல அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஆறிப்போச்சு," என்றார்.

நானும் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையையும் உள்ளே விட்டேன்.